குறைந்தது எட்டு கோர்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வந்தால் வாசலில் கிளாரா நிற்கிறாள். திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாளாம். என் கணவருடைய முதல் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை அவள். எனக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. அவளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்துவிடுவாள். ஸ்டெல்லாவையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

"மீன் குழம்புக்கு மாங்கா போட மாட்டீங்களாக்கா? நம்ம வீட்ல போடுவோம்."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. மாங்காய் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு பென்சில் டப்பாவை எடுத்தாள். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கறுப்புத் துண்டு. டிவியோடு இணைத்து ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டியின் மெமரி கார்டாம்.

"பீரோவை ஒழிச்சப்ப கிடைச்சுது அத்தான். நீங்களும் அக்காவும் ஆடினதெல்லாம் இதுலதானே இருக்கு?"

அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாலையில் நாங்கள் நடக்கப் போனபோதும் அதே சட்டை. துவைக்கப் போட்டிருக்க வேண்டிய சட்டை அது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்தப் பெட்டி எப்போதோ பழுதாகி, பழைய இரும்புக்குப் போய்விட்டது. கார்டை எங்கே செருகுவது என்று கேட்டேன்.

"பெட்டி வேணாம் இமெல்டா. எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு. கம்ப்யூட்டரை அந்தப் பெட்டி மாதிரியே நடிக்க வைக்கும். கேமுக்கு வித்தியாசமே தெரியாது."

"தெரியாதா?"

"நல்லா நடிச்சா தெரியாது."

நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் பற்றியும் சொன்னார். இரண்டு பேர் இரண்டு படகில் போக வேண்டும். தீவுகள் மொத்தம் நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று முடிந்துவிட்டன. "அதுக்குள்ள அவளுக்கு முடியாம போச்சு. அப்படியே நின்னுடுச்சு."

திருமணமாகி நான்கு வருடம். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. கூடத்தில் ஸ்டெல்லாவின் படம் இருக்கிறது. அவள் இறந்து எட்டு வருடமாகிறது; நினைவு நாளில் நானே அதற்கு மாலை வாங்கி வந்து போடுகிறேன். படம் எனக்குப் பழகிவிட்டது. அது சுவரை விட்டு எங்கும் போவதில்லை. பாதியில் நிற்கிற ஆட்டம் அப்படியல்ல. அது தொடரும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருடன் வேலை செய்கிற ஒருவர் கார்டில் இருந்ததைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆட்டம் பதிந்த டிஸ்க்கை இவர் பத்திரமாக வைத்திருந்தார். எங்கே என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. தன் கல்விச் சான்றிதழ்களோடு, அதே உறையில்.

எங்கள் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தார். திரை கறுத்தது, கணினி ஒரு முறை முனகியது, நின்றுவிட்டது.

"புராசஸர் பத்தாது. போர்டு, ராம் எல்லாம் ஒரு மாதிரி சமாளிச்சிடலாம். புராசஸர்தான் பார்த்து வாங்கணும். ஏழெட்டாயிரத்துக்கு மேல போக வேணாம்."

"சரி."

"நீதானே காலேஜ்ல பர்ச்சேஸ் கமிட்டி. நீயே பார்த்துச் சொல்லேன். நான் பார்த்தா கடைக்காரன் சொல்றதை வாங்கிட்டு வந்திடுவேன்."

உண்மைதான். போன வருடம் மிக்சி அப்படித்தான் வந்தது. சரி என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டாமாண்டுக்கு மாதிரித் தேர்வு வினாத்தாள் எடுத்தேன். நிகழ்தகவில் ஒரு கேள்வி கடினமோ என்று தோன்றியது. விட்டுவிட்டேன், கடினமாகவே இருக்கட்டும்.

ஆறு வருடமாகக் கொள்முதல் குழுவில் இருக்கிறேன். புள்ளியியல் துறை என்பதால் ஒப்பீட்டுப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்துவிடும். விதி எளிமையானது. என்ன வேண்டும் என்று விவரக்குறிப்பு எழுத வேண்டும், மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், குறிப்புக்குப் பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததை எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, விலைதான் தேர்ந்தெடுத்தது என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், குறிப்பை எழுதும்போதே எல்லாம் முடிந்துவிடும். கருத்தரங்கக் கூடத்துக்கு ஒலிபெருக்கி வாங்கியபோது முதல்வருக்கு ஒரு கடை பிடித்திருந்தது. "கைப்பிடி நீல நிறம்" என்று ஒரு வரி சேர்த்தோம். அந்தக் கடையில் மட்டும்தான் நீலம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு நாளாகப் படித்ததில் புரிந்தது இது. புராசஸருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் ஒரு வேலையாள். கோர் அதிகமென்றால் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். ஆனால் பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் வேலையைப் பலருக்குப் பிரித்துக்கொடுக்க முடியாது. முக்கியமான பகுதியை ஒருவரே செய்ய வேண்டும். அந்த ஒருவர் வேகமாக ஓட வேண்டும். மற்றவர்கள் சும்மா நிற்பார்கள்.

மூன்றைப் பொறுக்கினேன். முதலாவது புதியது, நான்கு கோர், ஒவ்வொன்றும் வேகம். இரண்டாவது பழைய தலைமுறை, யாரோ பயன்படுத்தியது, எட்டு கோர், ஒவ்வொன்றும் மந்தம். மூன்றாவதும் எட்டு கோர், நல்ல வேகம், விலை பட்ஜெட்டைத் தாண்டுகிறது. எட்டு கோரின் வேக மதிப்பெண்களைக் கூட்டினால் இரண்டாவது முதலாவதை முந்துகிறது. கூட்டாமல் தனித்தனியாகப் பார்த்தால் பக்கத்திலேயே வராது.

முதலாவதுதான் சரியானது. ஒரு வரியில் முடிகிற விஷயம்.

மாலை அவர் நடக்க வரவில்லை. கார்டில் இருந்து வந்த கோப்பின் பெயரை எனக்குக் காட்டினார். அவருடைய பெயரின் முதல் நான்கு எழுத்து, அதோடு ஒட்டி ஸ்டெல்லா பெயரின் முதல் நான்கு எழுத்து.

ஆகஸ்ட் 27, புதன்

விவரக்குறிப்பு எழுதிவிட்டேன். ஐந்து வரி. மூன்றாவது வரி: குறைந்தது எட்டு கோர் இருக்க வேண்டும். காரணம்: எதிர்காலத் தேவை.

நான்கு கோர் புராசஸர் தொழில்நுட்பக் கட்டத்திலேயே நிராகரிக்கப்பட்டது. மீதி இரண்டில் விலை குறைந்தது பழையது.

எதிர்காலத் தேவை என்பது தவறான காரணம் அல்ல. எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்வார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பட்டியலைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, வீட்டுக்கு வாங்குறதுக்கும் மூணு கொட்டேஷனா?" பிறகு பேனா கேட்டு, கீழே "ஒப்புதல், சூ. லூர்துராஜ்" என்று கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். காகிதத்தை நான் கோப்பில் வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

கடைத்தெருவில் பஷீர் பாய் கடை. இவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் உள்ளே போனேன்.

"எதுக்கு மேடம்? எடிட்டிங்கா?"

"பழைய கேம். எமுலேட்டர்."

"அதுக்கு இது வேணாம் மேடம். இந்த நாலு கோர் எடுத்துக்குங்க. புதுசு, வாரன்டியோட. விலையும் பெரிசா வித்தியாசமில்ல."

"எட்டு கோர் என்று முடிவு செய்துவிட்டோம்."

"எட்டு கோர் இருந்து என்ன மேடம், ஏழு பேர் டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பான்."

இவர் உள்ளே வருவதற்குள் பணம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து உட்கார்ந்து புராசஸரைப் பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். சின்னச் சின்ன ஆட்டங்கள் நன்றாகவே ஓடின. குதிக்கிற ஆட்டம், கார் ஆட்டம். எனக்குக்கூட ஒரு நிமிடம், இது போதுமே, நான் எதையும் கெடுக்கவில்லையே என்று இருந்தது.

பிறகு படகு ஆட்டத்தைப் போட்டார். ஓடியது. ஆனால் தண்ணீருக்குள் நடப்பது போல. மூலையில் வேகத்தைக் காட்டும் ஒரு எண்: நூற்றுக்கு அறுபது. பாட்டு, குடித்தவன் பாடுவது போல இழுத்தது. துறைமுகத்தில் இரண்டு படகுகள். ஒன்றின் மேல் அவர் பெயர், இன்னொன்றின் மேல் ஸ்டெல்லா. அவளுடையதில் மஞ்சள் பாய்.

இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அந்தப் படகு தானாக நகராது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாமாம். கட்டினார்.

"என்னமோ மெதுவா போகுது இல்ல?"

"அப்படித்தான் தெரிகிறது" என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சலித்துப்போய் விட்டுவிடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் விடவில்லை. "மெதுவா போனா என்ன, கடல்தானே" என்கிறார். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரை. இந்த வாரம் ஒரு நாள்கூட நாங்கள் நடக்கப் போகவில்லை. கிராப்பட்டி பாலம் வரை போய், திரும்பும் வழியில் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவது. பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் அது நான் வந்த பிறகு ஆரம்பித்த பழக்கம்.

நூற்றுக்கு அறுபது வேகம் என்றால் ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம். நான் தேர்ந்தெடுத்த புராசஸர் ஸ்டெல்லாவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கிளாரா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான், எந்தத் தீவு?"

"நாற்பத்தஞ்சு. நீ கல்லறைத் திருநாளுக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"அக்கா படகைப் பாறையில மோத விட்டுறாதீங்க. அப்புறம் ராத்திரி கனவுல வந்து ஏசும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் பேச வேண்டும் என்றாள்.

"பாவம்க்கா நீங்க. அந்தச் சத்தத்தை எப்படித்தான் தாங்குறீங்களோ."

"எனக்குத் தாள் திருத்துகிற வேலை இருக்கிறது கிளாரா. காதில் விழுவதில்லை."

நான் மேசையை அடுத்த அறைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கிருந்தும் மஞ்சள் பாய் தெரிகிறது. அவரும் ஸ்டெல்லாவும் அந்த நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மாலை மாலையாக, தீவு தீவாக. அவளுக்கு வேகமான கைகள் இருந்திருக்கும். அவர் தவறு செய்தால் தோளில் தட்டியிருப்பாள். எனக்கு இதற்கெல்லாம் எந்தச் சான்றும் இல்லை. வகுப்பில் ஒரு மாணவி இப்படிப் பேசினால் தரவு எங்கே என்று கேட்பேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாற்பத்தேழாவது தீவில் நின்றுவிட்டார். புயல். பறை மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தத் தாளத்துக்குச் சரியாகப் பாயைத் திருப்ப வேண்டும். பதினோரு முறை முயன்றார். சத்தம் இழுத்து இழுத்து வருவதால் தாளமே பிடிபடாது என்று எனக்குப் பக்கத்து அறையிலிருந்தே தெரிந்தது.

அக்டோபர் 4, சனி

"கை வரல இமெல்டா."

காப்பி கொடுக்கப் போனபோது சொன்னார். கைகளை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி இந்தப் புயல் மாதிரி மூணு தாண்டியிருக்கேன். இப்ப மனசு சொல்லுது, விரல் கேட்க மாட்டேங்குது. அப்பாவுக்கும் ஐம்பத்தஞ்சுலதான் ஆரம்பிச்சுது."

அவருடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி ஆறு வருடம் கரண்டியைப் பிடிக்க முடியாமல் இருந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"கணினி மெதுவாக இருப்பதாலும் இருக்கலாம்" என்றேன்.

"மெதுவா இருந்தா சுலபமால்ல இருக்கணும்?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்திருக்கிறார். டிவி பார்க்கும்போது அமுக்கிக்கொண்டே இருக்கிறார். வலது கை முப்பது, இடது கை முப்பது.

அக்டோபர் 9, வியாழன்

பால் டம்ளரை எடுத்தபோது மேலே கொஞ்சம் சிந்தியது. யாருக்கும் சிந்தும். எனக்கு நேற்று சாம்பாரே சிந்தியது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் கையெழுத்துப் போடும்போது நடுங்குகிறதா என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்க்கச் சொன்னாராம். அவர் "லேசா" என்றாராம். பார்க்கச் சொன்னால் யாருக்கும் லேசாகத் தெரியத்தான் செய்யும்.

நரம்பு மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். கிளாராவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை; மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. தலைவலி என்று சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மருத்துவமனையில் ஐம்பது பேராவது இருந்தார்கள். எங்கள் டோக்கன் முப்பத்தேழு. எதிரே ஒரு முதியவர். அவருடைய கை தொடையின் மேல் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்து நான்கைக் கூப்பிட்டபோது சொன்னேன்.

"உங்க கையில ஒண்ணுமில்ல. புராசஸர்தான்."

"என்னது?"

"நான் எடுத்துக் கொடுத்தது அந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. நாலு கோர்தான் சரியானது. எட்டு கோர் வேணும்னு நான் எழுதினேன்."

"தெரியாமதானே எழுதின."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவும் திரும்பினாள்.

"எதுக்கு?"

கல்லூரியில் இருபத்து நான்கு வருடம் நின்று பேசியிருக்கிறேன். எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

"அது ஓட வேணாம்னு இருந்துச்சு."

"கையில பந்தை வெச்சுக்கிட்டு ஒரு வாரமா உட்கார்ந்திருக்கேன். பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"மூணு கொட்டேஷன் வாங்கி, என்கிட்டயே கையெழுத்தும் வாங்கிட்டியே" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

முப்பத்தேழைக் கூப்பிட்டார்கள். என்னை வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடம். வெளியே வந்து, "ஒண்ணுமில்லையாம்" என்றார். வண்டியை எடுத்தார். நான் ஏறினேன்.

அக்டோபர் 15, புதன்

"உப்பு" என்றார். கொடுத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பால், கேஸ், செய்தித்தாள்காரர் விடுமுறை. இவ்வளவுதான் பேசியது. கணினியை அவர் போடவே இல்லை. மாலை ஆறு மணிக்குத் தனியாக நடக்கப் போனார். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. ஆட்டம் நின்றுவிட்டது. நான் கேட்டது அதுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. மாடி வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ஒரு தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று கேட்டார்.

"அவ செத்துப் போனது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட?"

"தெரியும்."

"படத்துக்கு மாலை போடுற."

"படம் பேசாம இருக்கு."

"ஆட்டத்துல மட்டும் பேசவா செய்யுது?"

"நீங்க பேசினீங்க" என்றேன். அவர் ஒவ்வொரு மாலையும் அந்தத் திரையிடம் பேசினார். "வா வா வா, இந்தப் பக்கம், அப்படித்தான்." என்னோடு பாலம் வரை நடக்கும்போது அப்படிப் பேசியதில்லை. இதைச் சொல்லவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

அவர் இரண்டாவது அதிரசத்தை எடுத்தார். பாதியைப் பிட்டுத் தட்டில் என் பக்கம் வைத்தார்.

அக்டோபர் 22, புதன்

கல்லூரி விட்டதும் பஷீர் பாய் கடைக்குப் போனேன். பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

"எட்டு பேரும் சரியா வேலை பார்க்கலையா மேடம்?"

"இல்லை."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல."

"சொன்னீங்க. நாலு கோர் கொடுங்க."

"கொட்டேஷன் போட்டுத் தரட்டா?"

வேண்டாம் என்றேன். நல்லவேளை, இரண்டும் ஒரே போர்டில் பொருந்துகிறவை. பழையதை எழுநூறு ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கணினியின் மேல் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன்.

அக்டோபர் 25, சனி

மூன்று நாள் அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. இன்று காலை ஸ்க்ரூடிரைவர் எடுத்தார்.

"டார்ச்."

பிடித்தேன். கை நடுங்காமல் சின்னச் சின்னத் திருகுகளைக் கழற்றினார். நான் அதைக் கவனித்ததை அவர் கவனித்தார்.

"கிட்ட காட்டு. எனக்கா காட்டுற, சுவருக்கா?"

பதினோரு நாளில் அவர் என்னிடம் கேட்ட மூன்றாவது கேள்வி.

மூலையில் எண் நூறு. பாட்டு பாட்டாக இருந்தது. பறைச் சத்தம் டக் டக்கென்று வந்தது. மூன்றாவது முயற்சியில் புயலைத் தாண்டிவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, "பார்த்தியா!" என்று கத்தினார். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனாலும் யாரிடம் சொன்னார் என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு விநாடி தாமதித்து, "பார்த்தேன்" என்றேன். அவரும் மறுத்துச் சொல்லவில்லை.

அக்டோபர் 29, புதன்

மழை. துணி காயவில்லை. கல்லறைக்கு மெழுகுவர்த்தி இரண்டு கட்டு, செவ்வந்தி மாலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. போன வருடம் சிமென்ட் சிலுவையில் பெயர் மங்கியிருந்தது. இந்த முறை கறுப்பு பெயின்ட் ஒரு சின்ன டப்பா வாங்கி வைத்தேன். அவர் கேட்காமலே.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். கிளாரா காலை பஸ்ஸில் வருகிறாள்.

நான்கு மணிக்கு, "இன்னிக்கு முடிஞ்சிடும். வந்து உட்காரேன்" என்றார். எனக்கு நாற்பது தாள் பாக்கி இருந்தது. போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஆட்டத்தை இயக்கும் இரண்டாவது கைப்பிடி இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நாற்பத்தெட்டாவது தீவில் ஒன்றுமே இல்லை. ஒரு மணல் திட்டு, ஒரு கொடி. புயலோ பாறையோ எதுவும் கிடையாது. அவர் படகு போய் நின்றது, பின்னாலேயே கயிற்றில் மஞ்சள் பாய். இவ்வளவுக்கா என்று எனக்குத் தோன்றியது. அலையைப் பார்த்துப் பார்த்து லேசாகக் குமட்டவும் செய்தது.

திரை மெல்ல இருண்டு, எழுத்துகள் வந்தன. ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள், நிறைய ஜப்பானியப் பெயர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு அட்டவணை வந்து நின்றது.

"என்ன போட்டிருக்கு? படி."

இரண்டு வரிகள். முதல் மாலுமி, இரண்டாம் மாலுமி. அவரவர் கைப்பிடியை இயக்கிய மொத்த நேரம். முதல் மாலுமி இருநூற்றுப் பன்னிரண்டு மணி. இரண்டாம் மாலுமி ஒன்பது.

நான் மறுபடியும் பார்த்தேன். ஒன்பதுதான். நூற்றுக்கு நான்கைப் பெரிதாகத் தாண்டவில்லை. மாலை மாலையாக, தீவு தீவாக என்று நான் நினைத்ததெல்லாம் அவர் தனியாக உட்கார்ந்திருந்த மாலைகள். கயிறு இப்போது கட்டியதல்ல. அப்போதும் இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

சொல்லாமலே விட்டிருக்கலாம். பொத்தானை அழுத்தினால் திரை போய்விடும். நூற்றொன்பது என்று படித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். நான் சரியாகப் படித்தது நேர்மையால் அல்ல. அந்த எண் அவர் காதில் விழ வேண்டும் என்று இருந்தது. அவள் அவ்வளவுதான் உட்கார்ந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது.

"நீங்க இருநூற்றுப் பன்னிரண்டு மணி. ஸ்டெல்லா ஒன்பது மணி."

துடைப்பது நின்றது.

"எவ்வளவு?"

"ஒன்பது."

"ஒன்பதா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலால் அந்த எண்ணைத் தொட்டார். திரும்பியபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒன்பது மணி நேரமா உட்கார்ந்தா? அடிப்பாவி! நான் ஒண்ணோ ரெண்டோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அலையைப் பார்த்தாலே வாந்தி வருதும்பா. அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுவா. அப்படி அஞ்சஞ்சு நிமிஷமா, ஒன்பது மணி நேரம்!"

போனை எடுத்துக் கிளாராவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் போட மறந்துவிட்டார். "உங்க அக்கா ஒன்பது மணி நேரம் ஆடியிருக்கா, ஸ்கிரீன்லயே போட்டிருக்கு, இமெல்டா படிச்சா" என்று கத்திக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

நான் நாற்காலியிலேயே இருந்தேன். இன்று நான் அங்கே உட்கார்ந்திருந்தது நாற்பது நிமிடம். அதற்குள் இரண்டு முறை மணி பார்த்தேன்.